கையை வீசினால்தான் விளையாட்டா?

ஜைரோ பாவிக்கக் கூடாது. எங்கட பக்கத்தில் போன மாதம் நடந்த ஒரு சின்ன பப்ஜி போட்டியின் முதல் விதி இது. நுழையும்போதே போனை வாங்கி செட்டிங்கைத் திறந்து பார்த்தார்கள். "போன ஆட்டி ஆட்டிச் சுடுறது கள்ள வெளாட்டு" என்று விளக்கமும் தந்தார்கள். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் ஜைரோக்காரர்கள். விளையாடாமலே திரும்பி வந்தோம்.

அதே கிழமை கெம்பஸ் கன்டீனில் நேர்மாறான ஒரு ஞானம் கிடைத்தது. "விரலால தட்டுறதெல்லாம் ஒரு வெளாட்டா மச்சான்? இனி எல்லாம் விஆர்தான். உடம்பு அசையணும்." சொன்னவர் விஆர் கண்ணாடியை யூடியூபில் மட்டும் பார்த்தவர். நாங்களும் அப்படித்தான், அதை விடுவோம்.

ஒருவருக்கு அசைவு கள்ளத்தனம், மற்றவருக்கு அசைவுதான் மோட்சம். இரண்டு பேருமே பிழை என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

முதலில் அந்த ஆசையை மதிப்போம், ஏனென்றால் அது எங்களுக்கும் இருந்தது. எங்களில் ஒருவரின் மாமா கட்டாரிலிருந்து வரும்போது ஒரு வீ கொண்டு வந்தார். நின்டென்டோ 2006 நவம்பரில் வெளியிட்டு, பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி. எங்கட கல்முனைக்குடி ஒழுங்கைக்கு அது வரும்போது நாங்கள் சின்னப் புள்ளைகள். டிவி றிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியாத உம்மம்மா, வீ ஸ்போர்ட்ஸ் போலிங்கில் கையை ஒரு வீசு வீசி பத்துக் கட்டையையும் விழுத்தினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த பட்டன் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனதுதான் அந்தப் பெட்டியின் மந்திரம். வாப்பா, சாச்சி, பக்கத்து வீட்டு ராத்தா எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

ஒரு நாள் டிவிக்கு மேலே இருந்த சென்சர் பாரின் வயர் அறுந்தது. அந்தப் பாரில் சென்சரே இல்லை, இரண்டு பக்கமும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும்தான். பார்க்கும் கண் இருப்பது கையிலுள்ள றிமோட்டில். ஆகவே இரண்டு மெழுகுதிரியைக் கொழுத்தி வைத்தாலும் வேலை செய்யும். செய்தது. "வீட்டக் கொழுத்தப் போறீங்களா?" என்று உம்மம்மா கேட்டதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது.

அந்த மந்திரம் எத்தனை நாள் நின்றது? டெனிசில் கையை முழுசாகச் சுழற்றத் தேவையில்லை, மணிக்கட்டை லேசாக வெட்டினாலே போதும் என்று முதலில் கண்டுபிடித்தது ஒன்பது வயது மச்சான். காரணம் எளிது. அந்த றிமோட்டுக்குள் இருந்தது முடுக்கமானி. கை எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதுதான் தெரியும். பெரிய வீச்சும் சின்ன வெட்டும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று. 2009இல் மோஷன்பிளஸ் என்ற துண்டைக் கொண்டு வந்து அதற்குள் ஜைரோவை வைத்ததே இந்தக் குறைக்காகத்தான். அதற்குள் நாங்கள் எல்லாரும் பாயில் சாய்ந்தபடி மணிக்கட்டால் டெனிஸ் ஆடப் பழகியிருந்தோம். உடம்பு அசையணும் என்பவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்: வெல்ல ஆசைப்படுகிறவன் தேவையில்லாத அசைவை வெட்டித்தான் எறிவான். சந்தாங்கேணி மைதானத்தில் பந்து போடுகிறவனும் அதைத்தானே செய்கிறான்?

கினெக்ட் இன்னும் மோசம். 2010 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் கொண்டு வந்தது, 2017இல் உற்பத்தியையே நிறுத்தியது. கையில் எதுவும் வேண்டாம், உங்கள் உடம்புதான் றிமோட் என்றார்கள். அந்த உடம்பு நிற்க இடம் எங்கே? ஒரு ஆளுக்குக் கமராவிலிருந்து ஆறடி, இரண்டு பேருக்கு எட்டடி தூரம் கேட்கும் கருவி அது. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கட வீடுகளில் எட்டடி போனால் குசினி. தளர்ந்த உடுப்பு போட்டால் அதற்குக் கை கால் சரியாகப் பிடிபடாது. சாரம் கட்டிய வாப்பாவும் அபாயா போட்ட ராத்தாவும் அந்தக் கமராவுக்கு யார்? 'இயற்கையான அசைவு' என்று பேசியவர்கள் யாருடைய ஹோலை, யாருடைய உடுப்பை மனதில் வைத்துப் பேசினார்கள் என்று அப்போது கேட்க எங்களுக்கு வயது போதவில்லை. இப்போது கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. எங்கட ராத்தாமார், தங்கச்சிமார் பலர் நல்லா விளையாடுவார்கள். அறைக்குள், காதில் ஹெட்செட், சத்தமில்லாமல். ஹோலில் எல்லாரும் பார்க்கக் குதித்துத்தான் விளையாட வேண்டும் என்றால் அவர்களில் எத்தனை பேர் வருவார்கள்? அது சரியா பிழையா என்பது வேறு சண்டை, அதற்கும் ஒரு நாள் வருவோம். ஆனால் விரல் நுனி விளையாட்டைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் யாரை வெளியே தள்ளுகிறோம் என்று ஒருக்கா யோசிக்கட்டும்.

சரி, இனி போட்டிக்காரர்களுக்கு வருவோம்.

ஜைரோ என்பது போன் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. துப்பாக்கி மேலே உதைக்கும்போது பெருவிரலால் கீழே இழுப்பதற்குப் பதிலாகப் போனைக் கொஞ்சம் சரிக்கிறோம், அவ்வளவுதான். பெரிய வேலையை விரல் செய்கிறது, நுணுக்கத்தை மணிக்கட்டு செய்கிறது. 2015இல் வந்த ஸ்பிளட்டூனும் இதே வழிதான். அசைவுக் கட்டுப்பாடு உருப்படியாக மிஞ்சியது இந்தச் சின்ன இடத்தில்தான் என்பது எங்கள் கணிப்பு. பழகவே எங்களுக்கு இரண்டு மாதம் போனது. ஒலுவிலுக்குப் போகும் பஸ்ஸில் விளையாடிப் பாருங்கள், பஸ் வளைகிற பக்கமெல்லாம் குறியும் வளையும். கள்ளனுக்கு இவ்வளவு கஷ்டமா?

"எல்லார்ட போன்லயும் ஜைரோ இல்ல, அதான் தடை" என்றார் ஒருவர். இந்த வாதம் மட்டும் எங்களைச் சுட்டது. விலை குறைந்த பல போன்களில் முடுக்கமானி இருக்கும், ஜைரோ இருக்காது. திரை திரும்பும், டெம்பிள் ரன்னில் சரித்து ஓடலாம், பப்ஜியில் ஒன்றும் நடக்காது. எங்கட நாலாவது ஆளின் போனும் அப்படித்தான். ஆனால் சமத்துவம்தான் நோக்கமென்றால் வேகமான புரொசசரையும் பெரிய திரையையும் ஏன் வாசலில் தடுக்கவில்லை? ஒன்றரை லட்ச ரூபாய்ப் போனோடு வந்தவர் அன்று முதல் ஆளாக உள்ளே போனார். ஜைரோ இல்லாத எங்கட ஆளோ அந்தத் தடையால் எதுவும் பெறவில்லை, எங்களோடு சேர்ந்து வெளியே நின்றார்.

ஜைரோ இல்லாதவனை 'நூப்' என்று நக்கலடிக்கும் ஜைரோக்காரர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே ஏச்சுத்தான்.

எங்கட கூட்டத்தில் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது பெருவிரல் சரியாக மடிவதில்லை. ஜைரோவை எடுத்துவிட்டால் அவரால் குறி வைக்க முடியாது. அவரிடம் வீயைக் கொடுத்து 'வீசு' என்றாலும் முடியாது. 2011இல் வாளை வீசித்தான் ஆக வேண்டும் என்று வந்த ஸெல்டா ஸ்கைவர்ட் ஸோர்ட், 2021இல் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது பட்டனாலும் விளையாடலாம் என்று மாறியது. நின்டென்டோவுக்கே பத்து வருடம் எடுத்தது. போட்டி நடத்தும் காக்காமாரே, உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

அடுத்த போட்டிக்கு எங்கட பெயரை எழுதிக்கொள்ளுங்கள், நாலு பேர். இரண்டு ஜைரோ ஓன், ஒன்று ஓஃப், ஒன்றில் அந்த செட்டிங்கே வராது.