முதலாமாண்டு மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டுவிடாதிருக்க ஏற்பாடுகள் கோரும் மனு

அனுப்புநர்:
முதலாமாண்டு மாணவர்களின் பெற்றோர் சங்கம்,
அரசு கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
உயர்திரு கல்லூரி முதல்வர் அவர்கள்.

நகல்: மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர், அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்.

பொருள்: முதலாமாண்டு மாணவர்களுக்கு முதல் பருவத்தில் செய்து தர வேண்டிய வசதிகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்ததே பிள்ளையைச் சேர்க்க வந்த அன்றுதான். இன்டர்னல், அரியர், வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதையெல்லாம் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. வருகை போதவில்லை என்பதை ஹால் டிக்கெட் வாங்கப் போன அன்றுதான் அறிந்த பிள்ளைகள் உண்டு. பள்ளியில் இரண்டு நாள் போகாவிட்டால் வகுப்பாசிரியர் போன் செய்துவிடுவார். இங்கே இரண்டு வாரம் வராவிட்டாலும் வீட்டுக்குத் தகவல் வருவதில்லை. ஆகவே துறைதோறும் இருபது பேருக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, வருகை குறையத் தொடங்கும்போதே பெற்றோருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுகிறோம்.

அடுத்தது பாடமொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை 'உந்தம்', 'வேதிச்சமநிலை' என்று படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, இங்கே 'மொமென்டம்', 'ஈக்விலிபிரியம்' என்று கேட்டதும் இது ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டுபோகிறது. தெரிந்த பாடம்தான் என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். கேள்வி கேட்க எழுந்தால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்ற கூச்சத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். முதல் மாதம் இரு மொழியிலும் நடத்தி, துறைவாரியாகக் கலைச்சொல் பட்டியல் ஒன்றை அச்சிட்டுத் தர வேண்டும். பட்டியலைத் தயாரிக்க மூன்றாமாண்டு மாணவர்களே போதும். அவர்களும் இதே தடுமாற்றத்தைக் கடந்து வந்தவர்கள்தாம்.

புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்வுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. நம் கல்லூரியில் அது பொன்னாடையோடும் வரவேற்புரையோடும் ஒரே காலையில் முடிந்துவிட்டது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி, போனஃபைடு சான்றிதழ் எந்த ஜன்னலில் கிடைக்கும் என்று யாரும் காட்டவில்லை. குறைந்தது ஒரு வாரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பேருந்து. இரண்டாம் ஷிப்ட் மாலை 5.30 மணிக்கு முடிகிறது. எங்கள் ஊர்களுக்குப் போகும் டவுன் பஸ் 5.20-க்கே புறப்பட்டுவிடுகிறது; அடுத்தது 7.15-க்கு. பஸ்ஸைப் பிடிக்கக் கடைசி வகுப்பை விட்டால் வருகை போகிறது. வகுப்பில் இருந்தால் பெண் பிள்ளைகள் இருட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. "இதற்குப் படிக்கவே வேண்டாம்" என்று தாத்தா பாட்டி சொல்லிவிடும் வீடுகளும் உண்டு. 5.20 பஸ்ஸை 5.45-க்கு மாற்றிவிட அரசுக்குப் புதுச்செலவு எதுவும் ஆகாது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. பையன்களோ பாஸ் வரும்வரை தினமும் காசு கொடுக்கிறார்கள். அடையாள அட்டையையும் பாஸையும் சேர்ந்த முதல் மாதத்திலேயே வழங்க வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய், வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் சிலருக்கு வந்து சேரவில்லை. கல்லூரியிலேயே ஒருநாள் வங்கி முகாம் நடத்தினால் இது தீரும்.

ராகிங்குக்கு எதிராக 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் அறிவிப்புப் பலகையில் உள்ள எச்சரிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருக்காக ஒட்டினார்களோ! அதைத் தமிழிலும் எழுதி, 1800-180-5522 என்ற உதவி எண்ணை விடுதிக் கதவுகளிலும் ஒட்ட வேண்டுகிறோம்.

முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பாக எங்கள் பிரதிநிதிகளை அழைத்துப் பேச ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பத் தாள்கள், பேருந்து நேர விவரம்.