சந்திரசேகரும் நமது பிள்ளைகளும்

'சந்திரசேகர் தமிழர்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். நன்று. ஆனால் அம்முழக்கத்தாற் பளையிலே படிக்கும் ஒரு பிள்ளைக்கு விளைந்த பயன் யாது?

1910இல் லாகூரிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவ்விளைஞர், கடற்பயணத்திலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார். சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குள்ளனாக நிலைத்திருக்க இயலாது என்பதே அது சென்றடைந்த முடிபு. 1935 ஜனவரியில், அரச வானியற் சங்கக் கூட்டத்திலே, பெரும்புகழ் பெற்ற எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். இளைஞர் முடிபைக் கைவிடவில்லை. 1939இல் விண்மீன்களின் கட்டமைப்புப்பற்றி நூலெழுதிவிட்டு, அடுத்த துறைக்கு நகர்ந்தார். விண்மீன்களின் இயக்கம், கதிர்வீச்சு, பாய்பொருள்களின் உறுதிநிலை, கருந்துளை என ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கணக்காக உழைத்து, ஒவ்வொரு பெருநூலை நிறுத்திச் சென்றார். நோபல் பரிசு 1983இலேதான் வந்தது.

இதனைப் பிறவி மேதைமை என்று கூறித் தப்பிக்கொள்வோர் உளர். தந்தை இரயில்வேக் கணக்குத்துறை அதிகாரி. சிறிய தந்தை சி. வி. இராமன், மேற்படிப்புக்கு அரசின் புலமைப்பரிசில். இவற்றை அவர்கள் சொல்வதில்லை. பளையிலே தென்னை நட்டவரைக் கேளுங்கள்: கன்று எத்துணை நல்லதாயினும் குழியும் நீரும் வேண்டும் என்பர்.

போர் பெயர்த்தெறிந்த இவ்வூருக்கு 2014 மார்ச்சில் யாழ்தேவி மீண்டும் வந்தது. காற்றாலைகளும் எழுந்தன. அவை சுழலும் விதத்தைப் பிள்ளைக்கு விளக்கப் பௌதிகவியல் ஆசிரியர் உண்டா? ஆய்வுகூடத்தின் கதவு திறந்திருக்கிறதா? பதினாறு வயதுப் பிள்ளையைக் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை என்னும் பெட்டிகளுள் ஒன்றிலிட்டுப் பூட்டுகிறோம். அப்பாற் பார்ப்பவனை 'பாடத்திட்டத்தில் இல்லை' என்று அடக்குகிறோம். பத்தாண்டுக்கொருமுறை துறை மாறிய மனிதருக்கு விழா எடுப்பவர்களும் நாமே!

'கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கு விண்மீன் எதற்கு?' என்பர் சிலர். தம் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பிவிட்டு நின்று கேட்பவர்கள் இவர்கள். கஞ்சியும் வேண்டும், கேள்வியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது, ஏழையை என்றும் ஏழையாகவே வைத்திருக்கும் தந்திரம். வினவும் உரிமை வசதி படைத்தோரின் சீதனமன்று.

ஆகவே, ஆசிரியர்களே, மாணவர்களே! சிலைக்கு மாலை வேண்டாம். பாடசாலைதோறும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் நூலகமும் வேண்டுமென ஒருமித்துக் கேட்போம். கிடைக்கும்வரை, வகுப்பிலே எழும் எந்தக் கேள்வியையும் அடக்காதிருப்போம். அது நம் கையிலேயே உள்ளது.