உப்பின் மேல் போடும் பழி

கற்பிட்டி, புத்தளம் பக்கம் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் பழி முதலில் உப்புக்கும் கருவாட்டுக்கும்தான் போகிறது. அந்த வீக்கத்தோடு வரக்கூடிய கர்ப்பகாலப் பிரசரின் வேரோ பெரும்பாலும் நச்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முற்பாதியில் நச்சுக்கொடியின் கலங்கள், புரதத்தை அறுக்கும் நொதியங்களால் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் நாடிகளை அகலமாக்க வேண்டும். கோரின் என்ற நொதியம் இல்லாவிட்டால் அந்த வேலை அரைகுறையாகிறது என்று 2012இல் எலிகளில் காட்டினார்கள். நாடி ஒடுக்கமாகவே நின்றால் பிள்ளைக்கு இரத்தம் போதாது. இருபதாம் வாரத்துக்குப் பின் தாய்க்குப் பிரசர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், வலிப்பும் வரலாம். உப்பைக் குறைத்து இதைத் தடுக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அபாயம் கூடிய தாய்மாருக்கு வைத்தியர் தரும் குறைந்தளவு அஸ்பிரின் உதவுகிறது. அதுவும் ஒரு நொதியத்தை அடக்கியே வேலை செய்கிறது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். மீன்பிடிப் பருவத்துக்குத் தீவுகளில் வாடி போட்டுத் தங்கும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நாள் தள்ளிப்போனதும் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். தலையிடியும் கண் மங்கலும் வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள், உடனே படகேறுங்கள்.