அயல்நாட்டு யுத்தமும் நமது கடமையும்

சமீப காலமாக நமது திருவள்ளூர் ஜில்லாத் தோழர்கள் பலர், கடல் கடந்த தேசங்களில் நடக்கும் சண்டைகளைப் பற்றி நாம் கூட்டம் கூட்டுவதும், ஊர்வலம் போவதும், கண்டனத் தீர்மானம் செய்வதும் அவசியந்தானா என்று நம்மைக் கேட்டு வருகின்றார்கள். இப்படிக் கேட்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினர், “கும்மிடிப்பூண்டியில் உலைப் புகையைக் குடிக்கிறவனுக்கு நாதியில்லை, ஒப்பந்தக் கூலிக்கு நியாயமில்லை, இதையெல்லாம் விட்டு விட்டுக் காசாவுக்கும் உக்ரேனுக்கும் பரிந்து பேசுவானேன்?” என்கிறார்கள். மற்றொரு வகையினர், “பேசலாம், ஆனால் அடிபடுகிறவன் நம் ஜாதியாகவோ, நம் மதமாகவோ, நம் பாஷைக்காரனாகவோ இருந்தால் மாத்திரமே பேச வேண்டும்” என்கிறார்கள். இவ்விரு கட்சியாரும் சொல்வதில் சிறிது உண்மை இருந்தபோதிலும், இரண்டும் சரியான அபிப்பிராயம் அல்லவென்பதே நமது முடிவு. அதற்கான காரணங்களை இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவதாக, தூரதேசத்து யுத்தம் என்று ஒன்று உண்மையில் இருக்கின்றதா என்று பார்ப்போம். 1914-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சராஜிவோ என்னும் ஊரில் ஆஸ்திரிய இளவரசன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த ஊரின் பெயரையாவது அன்று நம் ஜில்லாவில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் மூன்று மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டவுடன் சென்னைப் பட்டணமே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடிற்று. 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கே வயிறு வளர்க்கப் போயிருந்த நம் நாட்டார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை விமானத்தில் ஏற்றி வர வேண்டியிருந்தது. 2022-ல் ருஷியப் படை உக்ரேனுக்குள் புகுந்தபோது, அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாதாள அறைகளிலும் எல்லைச் சாவடிகளிலும் கிடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷம் நம் வீட்டு அடுப்பங்கரையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறினதும் அதே சண்டையினால்தான்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கே போய்ப் பார்க்கலாம். அங்குள்ள உலைகளில் உருக்கிக் கம்பியாக இழுக்கப்படுவது பெரும்பாலும் பழைய இரும்பு. பழைய இரும்பு உள்ளூர்க் காயலான் கடையிலிருந்து மாத்திரம் வருவதில்லை, கப்பலேறியும் வருகின்றது. இப்படிக் கப்பலேறி வந்த பழைய இரும்பிலே யுத்த களத்தில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளும் கலந்து வந்து, 2004 செப்டம்பரில் தில்லிக்கு அடுத்த சாகிபாபாத்தில் ஓர் இரும்பு ஆலையில் வெடித்துப் பத்துப் பேர் மாண்டார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் அந்த யுத்தத்திற்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் எந்தக் கட்சியில் சேர்ந்தார்கள்? எந்தக் கொடியைப் பிடித்தார்கள்? வயிற்றுப்பாட்டுக்காக உலைக்கு முன்னால் நின்றதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே, யுத்தம் ஓரிடத்தில் ஆரம்பமாகும் என்று சொல்லலாமே தவிர, அது எவன் உலையில் வந்து முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. “நமக்கென்ன?” என்பவருக்கு இதுவே போதுமான பதிலாகும்.

நிற்க, நமக்கு நஷ்டம் வரும் என்பதற்காக மாத்திரமே பிறருக்காகப் பேச வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது மளிகைக் கடைக் கணக்கே தவிர மனிதத் தன்மையாகாது. பிறப்பினால் ஒருவனைத் தாழ்த்துவது அக்கிரமம் என்று சொல்லுகின்ற நாம், அந்த அக்கிரமம் கடலுக்கு இந்தப் பக்கம் நடந்தால் பாவம், அந்தப் பக்கம் நடந்தால் பாவமில்லை என்று சொல்ல முடியுமா?

நம் ஜனங்களுக்கே இது ஒரு காலத்தில் உதவியிருக்கின்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் ஏராளமானவர்கள் வட ஆற்காட்டையும், இன்றைய திருவள்ளூர் ஜில்லா அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டையும் சேர்ந்த ஏழைகளே. ஒப்பந்தம் தீர்ந்து அங்கேயே தங்க விரும்பினால் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி என்றார்கள். 1913-ல் அதை எதிர்த்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் 1914 பிப்ரவரியில் இறந்தாள். அப்போது இந்நாட்டில் எழுந்த கூச்சலின் பயனாக வைசிராய் ஹார்டிஞ்சு 1913 நவம்பரில் இதே சென்னைக்கு வந்து, போராடுகிறவர்களுக்கு அனுதாபமாகவே பேசும்படி ஆயிற்று. 1914-ல் அந்த வரி எடுக்கப்பட்டது. அன்று சென்னையில் இருந்தவர்கள், “நேட்டால் எங்கே, நாம் எங்கே?” என்று திண்ணையில் படுத்திருந்தால் அது நடந்திருக்குமா? பின்பு 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தையே நிறுத்திற்று. நிறவெறி ஆட்சி ஒழிந்து கறுப்பு மக்கள் 1994-ல் ஓட்டுப் போட்டதற்கு அந்நாட்டு மக்களின் தியாகமே முதற் காரணம். ஆனால் வெளியே இருந்து பல தேசத்தார் செய்த பகிஷ்காரமும் ஒரு காரணமல்லவென்று எவரும் சொல்லத் துணியார்.

இதுவரை முதல் கட்சியாருக்குச் சொன்னோம். இனி, ஆத்திரமாகப் பக்கம் சேருகிறவர்களுக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கின்றது. பக்கம் சேருவது வேறு. புத்தியை அடகு வைப்பது வேறு. முதல் மகாயுத்தம் முடிந்த பின்பு துருக்கி கலீபாவின் பதவியைக் காப்பாற்ற வேண்டும் என்று 1919 முதல் இந்நாட்டில் எவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்தது! இந்துக்களும் முஸ்லிம்களும் கைகோத்துக்கொண்டு கிளர்ச்சி செய்தார்கள். படிப்பை விட்டவர்களும், வேலையை விட்டவர்களும், ஜெயிலுக்குப் போனவர்களும் கணக்கற்றவர்கள். முடிவு என்ன ஆயிற்று? 1924 மார்ச்சு 3-ந் தேதி துருக்கியர்களே அந்தக் கலீபா பதவி தங்களுக்கு வேண்டாம் என்று ஒழித்து, அவரை ஊரை விட்டு அனுப்பி விட்டார்கள். துருக்கியில் உழுகிறவனையும் உழைக்கிறவனையும் பார்த்து, “உனக்கு என்ன வேண்டும்?” என்று இங்கே ஒருவராவது கேட்டிருந்தால் இந்த ஏமாற்றம் வந்திருக்குமா? ராஜாவுக்கும் மதத்திற்கும் பக்கம் சேருகிறவர்களுக்கு இதுதான் கதி.

இனி, நமக்கு மிகவும் நெருங்கிய சங்கதிக்கு வருவோம். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்கள் கொளுத்தப்பட்டதும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலோடு முடிந்த யுத்தத்தில் சாதாரண ஜனங்கள் செத்து மடிந்ததும் நாம் மறக்கக்கூடியவையல்ல. கடைசி மாதங்களில் இறந்த பொதுஜனங்கள் நாற்பதினாயிரம் பேர் வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபைத் தலைவர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொல்லிற்று. அதற்காகத் தமிழ்நாடு கொதித்தது நியாயமே. 2008 அக்டோபரில் மழையில் நனைந்துகொண்டு கைகோத்து நின்றவர்களையும், 2013 மார்ச்சில் பாடத்தை மூடி வைத்து விட்டுப் பட்டினி கிடந்த மாணவர்களையும் நாம் குறை கூற மாட்டோம். அந்தக் கிளர்ச்சியினால்தான் ஜெனிவாவில் இந்தியா 2012-லும் 2013-லும் இலங்கை சர்க்காருக்கு விரோதமாக ஓட்டுப் போட நேர்ந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதே கிளர்ச்சியில் வெறுக்கத்தக்க காரியங்களும் நடந்தன. 2012 செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு வந்து திரும்பிய இலங்கை யாத்திரீகர்களின் பஸ்களைத் தாக்கினார்கள். 2013 மார்ச்சில் தஞ்சாவூரிலும் சென்னை ரயிலடியிலும் தனியே அகப்பட்ட பௌத்த பிக்ஷுக்களை அடித்தார்கள். கோவில் பார்க்க வந்த கிழவியையும், காவியுடுத்த வழிப்போக்கனையும் அடித்ததனால் ஈழத்தில் ஒரு குழந்தையின் உயிராவது பிழைத்ததா? கொழும்புத் தெருவில் 1983-ல் காடையர்கள் செய்ததும் இதுதானே! ஆளைப் பார்க்காமல் அவன் பிறந்த இனத்தைப் பார்த்து அடிப்பதுதான் நம்முடைய புகாரே என்றால், அதையே நாம் செய்துவிட்டு எந்த முகத்தோடு நியாயம் கேட்பது? அதோடு, 2009 ஜனவரியில் ஓர் இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதும், அவரைப் பின்பற்றி மற்றும் சிலர் மாய்ந்ததும் நம் மனத்தை வேக வைக்கின்றன. அவர்கள் உள்ளத்தை மதிக்கின்றோம். அந்த வழியை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அடிமைத்தனத்தை எதிர்க்க உயிரோடிருக்கிறவன்தான் வேண்டும். இளைஞர்களின் பிணத்தைச் சுமந்து ஓட்டுச் சம்பாதிக்க ஆள்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதை நம் வாலிபர்கள் நன்றாய் உணர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட வெட்கக்கேடான சங்கதி ஒன்று உண்டு. எந்த இலங்கைத் தமிழனுக்காக நாம் ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினோமோ, அவன் நம் கும்மிடிப்பூண்டியிலேயே, நம் புழலிலேயே, முகாமில் இருக்கின்றான். 1983 முதல் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். திரும்பிப் போனவர்கள் போக, 2021-ல் சர்க்கார் கணக்குப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய ஐம்பத்தெட்டாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயிண்ட் அடித்தும் கூலி வேலை செய்தும் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். ஆனால் 1987 ஜூலை 1-ந் தேதிக்குப் பிறகு இம்மண்ணில் பிறந்தும், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடியாக இல்லாததனால் அவர்கள் இந்தியர்கள் அல்ல. 2019-ல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களுக்கு மதம் பார்த்து வழி திறந்துவிட்டு, இலங்கையிலிருந்து வந்தவனை அடியோடு விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-ந் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட்டு இல்லாத குற்றத்திற்குத் தண்டனை இல்லை என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டார்கள். தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார் “அகதி முகாம்” என்ற பெயரை “மறுவாழ்வு முகாம்” என்று மாற்றி, வீடு கட்டவும் பணம் ஒதுக்கினார்கள். அது நல்ல காரியமே. ஆனால் பலகையை மாற்றினால் மாத்திரம் போதுமா? முகாம் வாசலைக் கடந்து போகிற நாம் எத்தனை பேர் உள்ளே போய், “சௌக்கியமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கின்றோம்? கடலுக்கு அப்பாலிருக்கும் தமிழனுக்கு மாலை. கடலைத் தாண்டி வந்த தமிழனுக்கு, “முகாம்காரன்” என்ற பட்டமா?

மற்றும், தராசு ஒன்றாக இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றதும் அக்கிரமந்தான். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு இஸ்ரேல் சர்க்கார் காசாவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களை, குழந்தைகளும் பெண்களும் என்று பாராமல், மாள வைத்தது அதைவிடப் பெரிய அக்கிரமந்தான். முஸ்லிம் செத்தால் அழுது மற்றவன் செத்தால் வாய் மூடுகிறவனும், இந்து அடிபட்டால் குதித்து முஸ்லிம் அடிபட்டால் சிரிக்கிறவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே. இவர்கள் நியாயத்தின் பக்கம் சேரவில்லை. தங்கள் மதத்தின் பக்கம் சேர்ந்தார்கள். 1947-ல் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக ஓட்டுப் போட்டு, 1988-ல் பாலஸ்தீன ராஜ்யத்தை அங்கீகரித்த இந்தியா, காசாவில் சண்டை நிறுத்தம் கோரிய ஓட்டெடுப்புகளில் ஒரு சமயம் கை தூக்கியும் ஒரு சமயம் நடுநிலை என்று ஒதுங்கியும் நின்றது. சண்டை நடக்கும்போதே 2024-ல் நம் நாட்டுக் கூலிகளை இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம் மார்ச்சில் வடக்கு இஸ்ரேலில் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கேரளத் தொழிலாளி ஒருவர் ஏவுகணை விழுந்து இறந்தார். ஏழைக்கு யுத்த பூமியும் வேலை ஸ்தலமாகத்தான் இருக்கின்றது.

ஆகவே, தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். அயல்நாட்டுச் சங்கதிக்காகத் தாராளமாகக் கூட்டம் போடுங்கள். ஆனால் முதலாவது, விஷயத்தைத் தெரிந்துகொண்டு போடுங்கள். தலைவர் சொன்னார் என்பதற்காகப் போடாதீர்கள். இரண்டாவது, கொடிக்கும் மதத்திற்கும் பக்கம் சேராமல் அடிபடுகிற ஜனங்களின் பக்கம் சேருங்கள். அடிக்கிறவன் நம்மவனாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். மூன்றாவது, அந்நாட்டுக் கொடும்பாவியைக் கொளுத்துவதோடு நின்றுவிடாமல், நம் ஓட்டு வாங்கிப் போன நம் சர்க்காரைப் பார்த்து, “உன் ஓட்டு எந்தப் பக்கம்? உன் வியாபாரம் யாரோடு? உன் சட்டம் யாரை விட்டுவிட்டது?” என்று கேளுங்கள். அதுதான் நம் கைக்கு எட்டிய இடம்.

நான்காவதாக, அந்தக் கூட்டத்திற்கு ஆள் கூட்டும்போது முகாமுக்கும் ஆள் அனுப்புங்கள். யுத்தம் என்றால் என்ன என்று புஸ்தகத்தில் படிக்காமல் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லி நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். காசாவுக்காக ஒரு தீர்மானம் செய்தால், முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டும் என்று அடுத்த தீர்மானமும், உலைக்கு முன்னால் நிற்கிறவன் கூலிக்கும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அதற்கடுத்த தீர்மானமும் செய்யுங்கள். இந்த மூன்றும் வேறு வேறு விஷயமல்ல. மூன்றையும் சேர்த்துச் செய்கிற கூட்டத்தைப் பார்த்து, “உனக்கேன் ஊர் வம்பு?” என்று கேட்க எவனுக்கும் வாய் வராது.