தெரியாதவன் சொல்ற விலை

முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கி பிடிச்சவன் இல்லை. படிக்கிறது பி.காம். என் சண்டை விலையோட.

அமெரிக்காவுல தாத்தாவோட பழைய இரட்டைக்குழல் ஷாட்கன்னை விக்கிற பலருக்கு அது என்னன்னே தெரியாது. மேல 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்'னு பொறிச்சிருக்கும். உடனே இங்கிலாந்து வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் ரேஞ்சுக்கு விலை! அந்தப் பேர்ல வந்ததுல பெரும்பாலானது பெல்ஜியத்துல மலிவா செஞ்சு ஹார்டுவேர் கடைகள்ல வித்த சரக்கு. குழலைக் கழட்டி அடியில பாருங்க. முட்டை வட்டத்துக்குள்ள ஈ.எல்.ஜி.னு இருந்தா அது லியேஜ் நகர முத்திரை.

கேட்டா, "எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாதுங்க". சரி சாமி, விலை மட்டும் எப்படித் தெரிஞ்சுது? ஆக்கர்லாஃப் 1970ல எழுதின பழைய கார் கட்டுரைல விக்கிறவனுக்காவது குறை தெரியும். இங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, நஷ்டம் மட்டும் ஒருத்தனுக்கு.

காசோட போனா பரவால்ல. பழைய 12 போர் பலதுல தோட்டா உட்காருற அறை 65 மி.மீ. இன்னிக்குக் கடைத் தோட்டா 70. உள்ளே சமத்தா போயிடும், அதான் வினையே. சுடும்போது வாய் மடிப்பு விரிய இடமில்லாம அழுத்தம் எகிறும். குழலோ, இரும்பையும் எஃகையும் முறுக்கி உலையில அடிச்சு ஒட்டின டமாஸ்கஸ், கருமருந்து காலத்துது. வெடிச்சா விரல் போகும்.

"நல்லா சுடும்"னு எழுதறவன் யார்கிட்ட காட்டிட்டு எழுதினான்? துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட அறையை அளந்து காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா, சுவத்துல மாட்டற பொம்மைக்கு என்ன விலையோ அதைக் குடுங்க. மேல ஒரு டாலர் கூடாது.