பட்டாவைத் தேடிச் சென்ற நிவாரணம்

நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்த மறுநாள், 2020 மார்ச் 26 அன்று, ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிவாரணத் தொகுப்பொன்றை அறிவித்தார். பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8.7 கோடி உழவர்களுக்கு ஏப்ரல் மாதமே 2,000 ரூபாய் வழங்கப்படும் என்பது அதன் ஒரு கூறு. 2019இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் திட்டத்தின் ஒரு தவணையே முன்கூட்டி விடுவிக்கப்பட்டது. அத்தவணை யாரைச் சென்றடைந்தது என்பதே நம் கேள்வி.

இத்திட்டத்தின்படி உழவர் என்பவர் தம் பெயரில் சாகுபடி நிலம் உள்ளவர். குத்தகைதாரருக்கு இடமில்லை, கூலித் தொழிலாளருக்கும் இடமில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சேரிகளில் இந்த வரையறையின் விளைவு வெளிப்படை. இங்குள்ள நிலமற்ற தலித் குடும்பங்கள் பிறர் வயலில் நாற்று நடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளின் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றன. ஊரடங்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேளாண் பணிகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. தொற்றுக்கு அஞ்சியபடியே வயலில் இறங்கியவர் ஒருவர்; உழவர் நிதி பெற்றவர் மற்றொருவர். நிலமற்ற பெண்ணுக்கு, ஜன்தன் கணக்கு இருந்தால், மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்குக் கிடைத்தது.

நிலமின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், பெருமளவு கைமாறின. கிசான் நிதியின் விலக்குப் பட்டியலில் வருமான வரி செலுத்துவோரும் தொழில் புரியும் மருத்துவரும் வழக்கறிஞரும் உள்ளனர். நிபந்தனையை மீறிப் பஞ்சமி நிலத்தை வைத்திருப்போர் அப்பட்டியலில் இல்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால் தவணை வந்து சேரும். பறிக்கப்பட்ட நிலத்துக்கும் அரசு பணம் தர வழி திறந்தே இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இத்திட்டத்தில் முறைகேடு வெளிப்பட்டது. தகுதியற்ற 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாகத் தமிழ்நாடு வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் தெரிவித்தார். பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் வேலூரும் ராணிப்பேட்டையும் அடங்கும். அதிகாரிகளின் கடவுச்சொற்களைக் கொண்டு இடைத்தரகர்கள் பெயர்களைப் பதிவேற்றியிருந்தனர். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகளிடமிருந்தும் பணம் திரும்பப் பெறப்பட்டது. மோசடி செய்தோர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வயலில் உழைப்பவரை உழவர் நிதிக்குத் ‘தகுதியற்றவர்’ ஆக்கிய விதியையும் நாம் விசாரணைக்கு உட்படுத்தியாக வேண்டும்.

நிலமற்றோரை அடையாளம் காண இயலாது என்ற வாதம் நிற்காது. தமிழ்நாட்டின் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் வேளாண் தொழிலாளர்களும் உறுப்பினர்களே. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் உதவியை அறிவித்தது. சத்தீஸ்கர் 2021இல் நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கெனத் தனித் திட்டம் கண்டது. தமிழ்நாட்டிலேயே 2021 மே, ஜூன் மாதங்களில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு 4,000 ரூபாய் வழங்கப்பட்டபோது எவரிடமும் பட்டா கேட்கப்படவில்லை.

பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைத் தனிக் கவனத்துடன் பேணுமாறு அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது. வேளாண் கூலித் தொழிலாளரையும் வாய்மொழிக் குத்தகைதாரரையும் உழவர் நிதியில் சேர்க்கக் கோருவது சலுகை கேட்பதாகாது. மாணவத் தோழர்களுக்கு உடனடி வேலை ஒன்றுண்டு. தத்தம் ஊரின் கிசான் நிதிப் பயனாளிகள் பட்டியலைப் பழைய நிலப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். கிடைக்காத பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பஞ்சமி நிலத்தின் பெயரால் இன்று பணம் பெறுவோர் யார் என்பது ஊர் ஊராக வெளிவரட்டும். அடுத்த பேரிடருக்கான நிவாரணப் பட்டியல் எழுதப்படுமுன் அந்தச் சான்று நம் கையில் இருக்க வேண்டும்.