விலா எலும்பைப் பொரித்தால் என்ன குறை?

பன்றி விலா எலும்பு, அதுதான் நீங்கள் சொல்கிற ரிப்ஸ், எப்படிச் சமைக்க வேண்டும் என்று யூடியூப்பில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: மெல்லிய சூட்டில் ஐந்தாறு மணித்தியாலம் புகைபோட வேண்டும். எண்ணெயில் பொரிப்பேன் என்றால் சிரிப்பார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வேறு பதில்: "பண்டி எங்கட சாப்பாடே இல்லை." இந்த இரண்டு பதிலோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பொரிப்பதைப் பார்ப்போம். மொன்றியல் சீன உணவகங்களில் கிடைக்கும் பூண்டு போட்ட உலர் ரிப்ஸ் பொரித்ததுதான். மேற்குக் கனடாவின் பப்களிலும் அப்படித்தான் தருகிறார்கள். கோட் டெ நேஜில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும் பிலிப்பீன்ஸ் ஆட்கள், பன்றிக் காலை முதலில் அவித்து, பிறகு மொறுமொறுவென்று பொரித்துக் 'கிறிஸ்பி பாத்தா' செய்கிறார்கள். கொழும்பின் டெவில்ட் போர்க்கிலும் இறைச்சியைப் பொரித்த பிறகுதான் வெங்காயம், மிளகாயோடு பிரட்டுகிறார்கள். இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

நான் படித்தது பொறியியல். அதனால் இதை இரண்டு தனி வேலையாகப் பார்க்கிறேன். விலா எலும்பைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உருகி ஜெலற்றின் ஆவதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். மேற்பக்கம் மொறுமொறுப்பாவதற்கு உலர்ந்த, கடும் சூடு வேண்டும். புகைபோடும் முறை இரண்டையும் ஒரே அடுப்பில் செய்யப் பார்க்கிறது. அதனால்தான் அவ்வளவு நேரம். ஜனவரி மாதம், மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் இருப்பவருக்கு அது சரிவராது.

அவித்துப் பொரித்தால் கதை சுலபம். மஞ்சள், உப்பு, இஞ்சி, உள்ளி, கறித்தூள், கொஞ்சம் கொறுக்காய் போட்டு ஒரு மணித்தியாலம் அளவில் மெல்ல அவியுங்கள். பிரஷர் குக்கருக்குள் நீர் 120 பாகை செல்சியஸ் வரை சூடேறும் என்பதால் அதில் இன்னும் கெதியாக முடியும். இறைச்சியை வடித்து, ஆறவிட்டு, ஈரம் போகத் துடையுங்கள். பிறகு 180 பாகை எண்ணெயில் மூன்று நாலு நிமிடம் போதும். அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதை வற்றவைத்தால் பிரட்டலுக்குக் குழம்பு தயார். சீனி சேர்ந்த சோஸைப் பொரித்த பிறகே பூசுங்கள், முதலே பூசினால் கருகிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் விடவேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி, அடுப்பை நிறுத்துங்கள்.

இனி "எங்கட சாப்பாடு இல்லை" என்ற கதை. பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் காளத்தியில் சிவனுக்குப் படைத்தது என்ன? வேட்டையாடிய பன்றியின் இறைச்சி. தீயில் வாட்டி, தானே சுவைத்துப் பார்த்துப் படைத்தார். 63 நாயன்மாரில் அவரும் ஒருவர். அது காட்டுப்பன்றி, இது பண்ணைப்பன்றி என்று சொல்லலாம், அது சரிதான். ஆனால் பன்றியே தமிழருக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகள் பலவற்றிலும் பன்றிக்கறி உண்டு. எங்கட சமையலின் அடையாளம் என்று நாங்கள் பெருமைப்படும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரோடு வந்தது.

இதற்காக எல்லோரும் பன்றி சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரதம், மதம், அருவருப்பு என்று ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. நான் எதிர்ப்பது, சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்து "நீ தமிழ்ப் பிள்ளையோ?" என்று கேட்பதை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வெளியில் சாப்பிட்டுவிட்டு வீட்டில் ஒளிக்கிறார்கள். ஒளிக்கிற சாப்பாட்டைப் பற்றி யாரும் பெரியவர்களிடம் கைப்பக்குவம் கேட்பதில்லை. அதனால் கறித்தூளும் கொறுக்காயும் அந்தச் சட்டிக்குள் வராமலே போகின்றன. நட்டம் எங்களுக்குத்தான்.

ஆகவே வெளிப்படையாகச் சமையுங்கள். தனிச் சட்டி வையுங்கள், சாப்பிடாதவருக்கு முதலே சொல்லுங்கள். முக்கியமாக, ரிப்ஸ் பொரித்த எண்ணெயில் அம்மம்மாவுக்கு வடை சுடாதீர்கள்.